வியோலெத்தா பார்ரா: பாட்டு சேகரித்தவரா, பாட்டு கட்டியவரா?

கேள்வி இதுதான்: “ஜோன் பாயெஸும் மெர்சிடஸ் சோசாவும் பாடிப் பிரபலமான ‘கிராசியாஸ் அ லா வீதா’ (வாழ்வுக்கு நன்றி) பாட்டை எழுதியவர் சிலி நாட்டு வியோலெத்தா பார்ரா என்கிறார்கள். சில இடங்களில் அவரை நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் என்று போட்டிருக்கிறது, சில இடங்களில் பாடலாசிரியர் என்று. எது சரி? அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?”

இரண்டுமே சரி. ஆனால் எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். முப்பத்தைந்து வயதுவரை அவர் அடுத்தவர் பாட்டைப் பாடிப் பிழைத்தவர். அதன் பிறகு கிராமத்துக் கிழவிகளிடமும் கிழவர்களிடமும் போய் உட்கார்ந்து பாடம் கேட்டார். அந்தப் பாடம் முடிந்த பிறகுதான் நாம் இன்று கேட்கும் வியோலெத்தா பார்ரா வருகிறார். அவருடைய சொந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றின் அடியில் யாரோ ஒரு பெரியவரிடம் கேட்டு வாங்கிய மெட்டோ யாப்போ இருக்கிறது. அதனால் சேகரிப்பாளர் என்ற பாதியை விட்டுவிட்டால் பாடலாசிரியர் என்ற பாதி புரியாது.

1917 அக்டோபர் 4 அன்று சிலியின் தென் நடுப்பகுதியில் நியூப்ளே வட்டாரத்தில் பிறந்தார். சான் கார்லோஸ் ஊரும் மலைப் பக்கத்து சான் ஃபாபியான் ஊரும் “எங்கள் ஊரில்தான் பிறந்தார்” என்று இன்றும் உரிமை கொண்டாடுகின்றன. அப்பா இசை வாத்தியார். அம்மா கிளாரிசா சந்தோவால் விவசாயக் குடும்பத்துப் பெண், தையல் வேலை செய்தவர், கித்தார் மீட்டிப் பாடவும் தெரிந்தவர். வியோலெத்தாவுக்குச் சிறுவயதில் பெரியம்மை கண்டு முகத்தில் தழும்பு நின்றுவிட்டது. 1920களின் கடைசியில், அதிபர் இபான்யெஸின் ஆட்சிக்காலத்தில் அப்பாவுக்கு வேலை போனது. அவர் குடியில் விழுந்து சீக்கிரமே இறந்தும் போனார். பிள்ளைகள் தெருவிலும் ரயிலிலும் சர்க்கஸிலும் பாடிக் கிடைத்ததை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

அந்தக் குடும்பத்தில் மூத்தவர் நிகானோர் பார்ரா. பின்னாளில் ‘எதிர்கவிதை’க்காகப் பெயர் பெற்று, 2011இல் ஸ்பானிஷ் இலக்கியத்தின் பெரிய விருதான செர்வான்டெஸ் பரிசை வாங்கியவர், நூற்றுமூன்று வயதுவரை வாழ்ந்தவர். தொழில் என்று பார்த்தால் இயற்பியல் பேராசிரியர். தங்கையைத் தலைநகர் சாந்தியாகோவுக்கு வரவழைத்து ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்த்துவிட்டார். படிப்பு ஒட்டவில்லை. அக்கா இல்தாவோடு சேர்ந்து ‘பார்ரா சகோதரிகள்’ என்ற பெயரில் மதுக்கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் பாட ஆரம்பித்தார்.

1938இல் லூயிஸ் செரசேதா என்ற ரயில்வே தொழிலாளியைக் கல்யாணம் செய்தார். இசபெல், ஆங்கெல் என்று இரண்டு பிள்ளைகள். இருவருமே பின்னாளில் பெரிய பாடகர்கள் ஆனார்கள். பத்து வருடத்தில் அந்த மணம் முறிந்தது. இந்தக் காலம் முழுக்க அவர் என்ன பாடினார்? பொலேரோ, மெக்சிகோவின் ராஞ்செரா, ஸ்பெயின் நாட்டுப் பாட்டு. ‘வியோலெத்தா தெ மாயோ’ என்று மேடைப் பெயர் வைத்துக்கொண்டு ஸ்பானிஷ் உடையில் ஆடியும் இருக்கிறார். வாடிக்கையாளர் கேட்டதைப் பாடினால்தான் கூலி. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ராத்திரி ராத்திரியாகச் சத்தமும் புகையும் நிறைந்த கடைகளில் பாடிப் பழகிய குரல் அது. பின்னால் அவர் குரலில் கேட்கிற அந்த நேர்த்தன்மை, கொஞ்சமும் மெழுகாத அந்தத் தொனி, அங்கே பழகியதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

அந்த நாளில் சிலியில் ‘நாட்டுப்பாடல்’ என்று வானொலியில் வந்ததையும் சொல்ல வேண்டும். பண்ணை முதலாளிகளின் உடையை அழகாகப் போட்டுக்கொண்டு, நகரத்து ஆண்கள் நான்கு பேர் குரல் சேர்த்து மெருகாகப் பாடுவார்கள். மலை அழகு, திராட்சைத் தோட்டம், கிராமத்துக் காதலி. கேட்க இனிமைதான். அதில் இல்லாதவர்கள் அந்தப் பண்ணைகளில் கூலி வேலை செய்தவர்கள். அவர்களிடம் வேறு பாட்டு இருந்தது, அதை யாரும் ஒலிபரப்பவில்லை.

1952, 53 வாக்கில் அண்ணன் நிகானோரின் தூண்டுதலால் வியோலெத்தா அந்த மனிதர்களைத் தேடிப் போனார். கையில் நோட்டுப் புத்தகமும் கித்தாரும். டேப் ரெக்கார்டர் எல்லாம் பின்னால் வந்தது. முதலில் போனது தொலைவுக்கு அல்ல, சாந்தியாகோவின் ஓரத்தில் இருந்த பார்ரான்காஸ் பகுதிக்கு. அங்கே ரோசா லோர்கா என்று ஒரு பெரியம்மா இருந்தார். பிரசவம் பார்ப்பவர், கைவைத்தியம் செய்பவர், கண்ணேறு கழிப்பவர், பாட்டுக்காரி. இன்னொரு வேலையும் அவருக்கு உண்டு: இறந்த குழந்தைகளை அலங்கரிப்பது.

அதைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் வியோலெத்தாவின் வாழ்க்கையே இந்த ஒரு சடங்கைச் சுற்றி வருகிறது. சிலியின் கிராமங்களில் பச்சைக் குழந்தை இறந்தால் அதைப் பாவம் அறியாத ‘சின்னத் தேவதை’யாகக் கருதினார்கள், ‘ஆங்கெலீத்தோ’ என்று. குழந்தையைக் குளிப்பாட்டி, வெள்ளை உடை போட்டு, காகிதத்தில் இறக்கை செய்து முதுகில் கட்டி, பூ ஜோடித்த மேஜையின் மேல் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார வைப்பார்கள். பாட்டுக்காரர்கள் சுற்றி அமர்ந்து விடியவிடியப் பாடுவார்கள். விடியும் நேரத்தில் வருவது விடைபெறும் பாட்டு. அதில் பேசுவது குழந்தை. பாட்டுக்காரரின் முதிர்ந்த குரலில் குழந்தை தன் அம்மாவிடம் போய்வருகிறேன் என்று சொல்லும், அழாதே என்று கேட்டுக்கொள்ளும். அம்மா அழுதால் கண்ணீரில் இறக்கை நனைந்துவிடும், பிள்ளையால் மேலே பறக்க முடியாது என்பது நம்பிக்கை.

இந்தப் பாட்டுகளின் யாப்பு எளிதல்ல. ‘தேசிமா’ என்பது பத்து அடிப் பாட்டு, அடிக்கு எட்டு அசை, எந்த அடி எந்த அடியோடு இயைய வேண்டும் என்பதற்குக் கண்டிப்பான ஒழுங்கு உண்டு. முழுப் பாட்டாகக் கட்டும்போது முதலில் நாலடி ஒன்றை வைத்துக்கொண்டு, அதன் ஒவ்வோர் அடியையும் கடைசி அடியாக வைத்து நான்கு தேசிமா கட்டுவார்கள், அப்புறம் விடைபெறும் தேசிமா ஒன்று. ஸ்பெயினிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் கப்பலேறி வந்த வடிவம் இது. எழுத்தறியாத பாட்டுக்காரர்கள்கூட இதை மனத்துக்குள்ளேயே கட்டி மனத்திலேயே வைத்திருந்தார்கள்.

புவெந்தே ஆல்தோ பக்கத்தில் இசாயியாஸ் ஆங்குலோ என்ற கிழவரிடம் கித்தார்ரோன் கற்றார். பெயரைக் கேட்டால் பெரிய கித்தார் என்று தோன்றும், ஆனால் இது சிலிக்கே உரிய தனி வாத்தியம். இருபத்தைந்து தந்திகள்: கழுத்தின் மேல் இருபத்தொன்று, உடலின் இரு ஓரங்களிலும் இரண்டிரண்டாக நான்கு. ஓரத் தந்திகளுக்கு ‘குட்டிப் பிசாசுகள்’ என்று பெயர். கடவுள் பாட்டுக்குக் கூட வாசிக்கிற வாத்தியத்தில் பிசாசுகளும் இருக்கின்றன! இந்த வாத்தியமும் பத்தடிப் பாட்டும் வழக்கமாக ஆண்களுடையவை. வீட்டு விசேஷங்களில் கித்தாரோடு தொனாதா, குவேக்கா என்ற நாட்டுப் பாட்டுகளைப் பாடுவது பெண்களின் பக்கம். வியோலெத்தா இரண்டு பக்கமும் போய் உட்கார்ந்தார். அவரைத் தொழில்முறைப் பாடகி என்று பார்த்து முதலில் தயங்கியவர்கள், தங்கள் அம்மாவின் பாட்டை அவர் அப்படியே திருப்பிப் பாடியதைக் கேட்டு மனம் திறந்தார்கள். இந்த வேலையின் பலனான ‘சிலியின் நாட்டுப் பாடல்கள்’ நூல் 1979இல்தான் அச்சில் வந்தது. இசைக் குறிப்பு எழுதியவர் காஸ்தோன் சூப்லெத். பாட்டோடு ஒவ்வொரு பாட்டுக்காரரையும் பார்க்கப் போன கதையும் அதில் இருக்கிறது.

1953இல் ‘கே பேனா சியெந்தே எல் அல்மா’ (நெஞ்சு எவ்வளவு வேதனைப்படுகிறது) இசைத்தட்டாக வந்து பெயர் வாங்கிக் கொடுத்தது. ‘ராதியோ சிலேனா’வில் சொந்த நிகழ்ச்சி கிடைத்தது. 1955இல் சிறந்த நாட்டுப்பாடல் கலைஞருக்கான கௌபோலிகான் விருது. அதே ஆண்டு வார்சாவில் நடந்த உலக இளைஞர் விழாவுக்கு அழைப்பு வந்தது.

அப்போது இரண்டாவது கணவர் லூயிஸ் ஆர்சேயோடு பிறந்த கடைசிப் பெண் ரோசிதா கிளாராவுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினார். அவர் ஐரோப்பாவில் இருக்கும்போதே குழந்தை இறந்துவிட்டது. சேதி கடிதத்தில்தான் வந்தது. ஊர் ஊராகப் போய் அடுத்தவர் பிள்ளைக்கான விடைபெறும் பாட்டை எழுதி வாங்கியவருக்குத் தன் பிள்ளைக்கு இறக்கை கட்டக் கொடுத்து வைக்கவில்லை.

அவர் உடனே திரும்பவில்லை. 1956 கடைசிவரை பாரிஸில் இருந்தார், லத்தீன் குவார்ட்டரில் ‘லெஸ்கால்’ என்ற விடுதியில் ராத்திரியில் பாடினார், அங்கே இசைத்தட்டும் பதிவு செய்தார். இதற்காக அவரைக் கடுமையாகப் பேசியவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அவர் தன்னைத்தானே பேசியதைவிட அது கடுமையாக இருக்க முடியாது. பிற்பாடு தன் வாழ்க்கையையே தேசிமாக்களாக எழுதினார். அதில் இந்த இடத்தில் அவர் தனக்கு எந்தச் சலுகையும் கொடுத்துக்கொள்ளவில்லை.

இறந்த மகளுக்காக ஒரு பாட்டும் கட்டினார். கிளம்பும்போது பிள்ளையைத் தொட்டிலில் விட்டுவிட்டுப் போனேன், நிலா அம்மா பார்த்துக்கொள்வாள் என்று நம்பினேன், அப்படி நடக்கவில்லை என்று கடிதம் சொல்கிறது என்ற பொருளில் தொடங்குகிறது. ரோசா லோர்கா போன்றவர்கள் காட்டிக் கொடுத்த அதே மரபுதான். ஆனால் மரபில் குழந்தை பேசும், தாய் அழாமல் கேட்பாள். இங்கே தாய் பேசுகிறாள். பாட்டு சேகரித்தவர் பாட்டு கட்டியவராக மாறிய இடத்தைக் காட்டு என்றால் நான் இந்தப் பாட்டைத்தான் காட்டுவேன்.

திரும்பி வந்த பிறகு வேலை வெறிகொண்டது போல நடந்தது. ஓடியோன் நிறுவனத்துக்காக ‘சிலியின் நாட்டுப்பாடல்’ வரிசையில் இசைத்தட்டுகள், கோன்செப்சியோன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஒரு நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகம், தெற்கே சிலோயே தீவுக்குப் போய் ரின், சிரீயா போன்ற நடன மெட்டுகளைச் சேகரித்தது. ‘எல் காவிலான்’ (வல்லூறு) என்று பத்து நிமிடத்தைத் தாண்டும் ஒரு நீண்ட படைப்பும் இந்தக் காலத்தில்தான் உருவானது. கித்தார் முரண்டு பிடிக்கும், சொற்கள் உடைந்து திக்கும். நாட்டுப்பாட்டு என்றால் எளிமை என்று நினைப்பவர்கள் அதை ஒருமுறை கேட்க வேண்டும்.

1959இல் மஞ்சள் காமாலை வந்து படுக்கையில் கிடந்தார். கை சும்மா இருக்கவில்லை. சணல் சாக்குத் துணியில் கம்பளி நூலால் படம் தைக்க ஆரம்பித்தார். ஆர்ப்பியேரா என்று பெயர். ஆர்ப்பியேராக்கள் தீட்டப்பட்ட பாட்டுகளைப் போன்றவை என்பார். அடுத்த ஐந்து ஆண்டில், 1964 ஏப்ரலில், இந்தச் சாக்குத் துணிப் படங்கள் பாரிஸில் லூவ்ர் மாளிகையில் உள்ள அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன. 1965இல் சுவிஸ் தொலைக்காட்சி அவரைப் படம் பிடித்தது. பாட்டு, ஓவியம், தையல் இவற்றில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று கேட்டார்கள். மக்களோடு இருப்பதைத் தேர்ந்தெடுப்பேன் என்றார்.

அரசியல் பாட்டுகளும் இந்த ஆண்டுகளில் வந்தவைதான். சகோதரர் ரோபர்த்தோவைக் கைது செய்துவிட்டார்கள் என்று பாரிஸுக்கு வந்த கடிதத்திலிருந்து பிறந்தது ‘லா கார்த்தா’. மாணவர்களைப் பற்றி, மபுச்சே பழங்குடியின் வலியைப் பற்றி, சுரங்கத் தொழிலாளிகளைப் பற்றி. சுரங்கப் பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம்: வடக்குப் பாலைவனத்துக்குப் போகிறார், எதிரும் புதிருமாக வரிசை வரிசையாகக் குடிசைகள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். அதன் முன்னால் ஆளுக்கொரு வாளியும் வாடிய முகமுமாகப் பெண்கள் வரிசை. மேலே வெயில் கொளுத்துகிறது. அவ்வளவுதான் சொல்கிறார். கோஷம் இல்லை. பத்து ஆண்டு ஊர் ஊராகப் போய்ப் பார்க்கப் பழகிய கண் அது.

1965இல் சிலி திரும்பினார். பிள்ளைகள் இசபெலும் ஆங்கெலும் அதற்குள் சாந்தியாகோவில் கார்மென் தெரு வீடு ஒன்றில் ‘பார்ராக்களின் பெஞ்யா’ என்ற பாட்டு வீட்டைத் தொடங்கியிருந்தார்கள். விக்தோர் ஹாரா போன்ற இளைஞர்கள் பாடிய இடம் அது. அம்மாவுக்கு அதைவிடப் பெரிய கனவு. நகரத்தின் மலையோர லா ரெய்னா பகுதியில், உள்ளூராட்சி கொடுத்த நிலத்தில் ஒரு பெரிய சர்க்கஸ் கூடாரம் போட்டார். நாட்டுப்பாடலுக்கு ஒரு பல்கலைக்கழகமாக அது வளர வேண்டும் என்பது எண்ணம். கணப்பு மூட்டி, தானே சமைத்து வந்தவர்களுக்குப் பரிமாறி, பாடினார். அதை ஒட்டியே குடியிருந்தார். ஆனால் இடம் தொலைவு, பஸ் வசதி குறைவு, குளிர்காலத்தில் மழையும் காற்றும். கூட்டம் வரவில்லை. பல ராத்திரிகளில் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களுக்குப் பாடினார்.

கூடவே இன்னொன்று. ஐந்தாறு ஆண்டாகத் துணையாக இருந்த கில்பெர்ட் ஃபாவ்ர், சுவிட்சர்லாந்துக்காரர், பொலிவியாவுக்குப் போய்விட்டார். ‘ருன் ருன் வடக்கே போனான்’ என்ற பாட்டு அவரைப் பற்றியது.

1966இல் ‘கடைசிப் பாடல்கள்’ என்று பொருள்படும் பெயரில் கடைசி இசைத்தட்டு வந்தது. பதினான்கு பாட்டுகள். ‘கிராசியாஸ் அ லா வீதா’ இதில்தான் இருக்கிறது. கண்ணுக்கு நன்றி, காதுக்கு நன்றி, சொல்லுக்கு நன்றி என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். காது கேட்பதில் சில்வண்டும் பறவையும் மட்டும் இல்லை, சுத்தியலும் டர்பைனும் நாய் குரைப்பும் இருக்கின்றன. களைத்த கால்கள் நடந்ததில் நகரங்களும் உண்டு, சேற்றுக் குட்டைகளும் உண்டு. அதே இசைத்தட்டில் ‘மல்திகோ தெல் ஆல்தோ சியேலோ’ என்று ஒரு சாபப் பாட்டும் இருக்கிறது. வானத்தை, நட்சத்திரத்தை, பருவங்களை எல்லாம் சபித்துவிட்டு, என் வலி எவ்வளவு இருக்கும் பாருங்கள் என்று முடிக்கிறார். முதல் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அவரைப் புன்னகை பூத்த ஞானியாக ஆக்குவது எனக்குச் சம்மதமில்லை. நன்றியும் சாபமும் ஒரே பெண்ணின் வாயிலிருந்து, ஒரே ஆண்டில் வந்தவை.

1967 பிப்ரவரி 5 அன்று அந்தக் கூடாரத்திலேயே தன் உயிரை முடித்துக்கொண்டார். வயது நாற்பத்தொன்பது. நன்றிப் பாட்டைத் தற்கொலைக் குறிப்பு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிக் கேட்பதில்லை. அவர் வாழ்ந்துகொண்டிருந்தபோது, வேலை செய்துகொண்டிருந்தபோது கட்டிய பாட்டு அது.

அதன்பின் நடந்தது பலருக்கும் தெரிந்திருக்கும். விக்தோர் ஹாரா, இன்தி இயிமானி, கிலாபாயூன் இசைக்குழுக்கள் என்று ‘புதிய பாட்டு’ இயக்கம் வளர்ந்தது. மெர்சிடஸ் சோசா 1971இல் வியோலெத்தாவின் பாட்டுகளுக்காகவே ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். 1973 செப்டம்பரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, ஹாரா கொல்லப்பட்டார், ஆங்கெல் பார்ரா பாலைவனத்துச் சாகாபூகோ முகாமில் அடைக்கப்பட்டார், இசபெலும் அவரும் நாட்டைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. பாயெஸின் பதிவு 1974. அந்த ராணுவ ஆட்சியில் காணாமல் போனவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் சாக்குத் துணியில் துணித்துண்டுகளை ஒட்டித் தைத்துத் தங்கள் கதையை வெளியுலகுக்கு அனுப்பினார்கள். அவற்றுக்கும் ஆர்ப்பியேரா என்றுதான் பெயர். இப்போது அவர் பிறந்த அக்டோபர் 4ஐ சிலியில் இசை நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

கேட்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு யோசனை. ‘கிராசியாஸ் அ லா வீதா’வை வியோலெத்தாவின் குரலிலேயே கேளுங்கள். சோசாவின் குரல் கடல் மாதிரி எழும். வியோலெத்தா எழுப்புவதே இல்லை, சாரங்கோ என்ற சின்னத் தந்தி வாத்தியத்தை ஒரே சீராக மீட்டிக்கொண்டு, கணக்கு ஒப்பிப்பவர் போலச் சொல்லிக்கொண்டு போவார். கடைசியில் உங்கள் பாட்டுதான் என் பாட்டு, எல்லாருடைய பாட்டும் என் சொந்தப் பாட்டு என்று வருகிறது. நீங்கள் கேட்ட கேள்விக்கு அவரே சொன்ன பதில் அது.

பிறகு இறந்த மகளுக்கான ‘வெர்சோ போர் லா நீஞ்யா முவேர்தா’வைக் கேட்டுவிட்டு, கடைசி இசைத்தட்டில் உள்ள ‘ரின் தெல் ஆங்கெலீத்தோ’வுக்கு வாருங்கள். சிலோயே தீவிலிருந்து கொண்டுவந்த ரின் மெட்டு, ஆடக்கூடிய துள்ளல். அதில் ஒரு குழந்தை இறந்திருக்கிறது. அதன் உயிர் எங்கே போயிற்று என்று தேடுகிறார். கசகசாப் பூவுக்குள் இடம் தேடியிருக்கும், இல்லையென்றால் ஒரு சின்னப் பறவைக்குள் என்கிறார். இதற்கும் முந்தைய பாட்டுக்கும் நடுவே ஏறக்குறையப் பத்து வருடம்.